ஆன்லைன் காலேஜ்ல வெப் டிசைன் அறிமுக கோர்ஸ், 12 வாரம் படிச்சு முடிச்சிட்டு எழுதுறேன்

போன வாரம் ஃபைனல் ப்ராஜெக்டுக்கு மார்க் வந்துடுச்சு, எல்லாம் ஞாபகத்துல இருக்கும்போதே எழுதிடணும்னு உக்காந்துட்டேன். ஒரு காலேஜ் ஆன்லைன்ல நடத்துற வெப்சைட் டிசைன் அறிமுக கோர்ஸ் இது. மொத்தம் 12 வாரம், வாரத்துக்கு ஒரு பாடம், ஒரு க்விஸ், ஒரு அசைன்மெண்ட், கடைசியில சொந்தமா ஒரு சைட் செஞ்சு குடுக்கணும். முன் அனுபவம் தேவையில்லன்னு போட்டிருந்தாங்க, எனக்கும் துளி அனுபவம் கிடையாது. காலேஜ் பேரு இதுல வராது. கோர்ஸ் எப்படி இருந்துச்சு, எங்க நல்லா இருந்துச்சு, எங்க கோட்டை விட்டாங்க, அதுதான் சொல்லப் போறேன்.

ஏன் சேர்ந்தேன்னு சொல்லாம மேல போக முடியாது. எங்க அப்பா சிறுகதை எழுதுவார். பழைய நோட்டுல 31 கதை இருக்கு, எல்லாத்தையும் நான் டைப் அடிச்சு வச்சிருந்தேன். அத ஒரு சைட்டா போடணும், கதைய தவிர வேற எதுவும் கண்ண உறுத்தாத மாதிரி ஒரு சைட். ரெடிமேட் டெம்ப்ளேட்ல இழுத்து வச்சு செய்யற சர்வீஸ் ஒண்ணுல ட்ரை பண்ணேன், நல்லாத்தான் வந்துச்சு, ஆனா தலைப்புக்கு கீழ ஒரு இடைவெளி, அத குறைக்கவே முடியல, எங்க இருக்கு அதோட செட்டிங்குன்னு ரெண்டு ராத்திரி தேடினேன். அப்பதான் தோணுச்சு, இந்த பக்கம் எப்படி உருவாகுதுன்னு தெரியாத வரைக்கும் நான் இப்படி தேடிக்கிட்டேதான் இருக்கணும்னு.

"யூட்யூப்ல ஃப்ரீயா கிடைக்கறதுக்கு ஏன் காலேஜுக்கு ஃபீஸ் கட்டற"ன்னு சேரும்போதே ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. வெப் பக்கம் எழுத வேண்டிய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கத்துக்க ஃப்ரீயா எவ்வளவோ இருக்கு, மொசில்லாவோட எம்டிஎன்ங்கற சைட் ஒண்ணு போதும், அந்த அளவுக்கு சுத்தமா விளக்கமா எழுதி வச்சிருக்காங்க, இந்த கோர்ஸ் படிக்கும்போதும் நான் தினமும் அங்கதான் போய் பாத்துக்கிட்டு இருந்தேன். இதுக்கு முன்னாடி மூணு தடவ வீடியோ பாத்து ஆரம்பிச்சு பாதியில விட்டிருக்கேன். வீடியோ பாக்கும்போது எல்லாம் புரியும், அவங்க அடிக்கிறத பாத்து நாமளும் அடிப்போம், அவங்களுக்கு வர்றது நமக்கும் வரும், மூடி வச்சிட்டு சொந்தமா வெறும் ஃபைல தொறந்தா முதல் வரி என்னன்னே தெரியாது. நாம தப்பா பழகறத யாரும் பாத்து சொல்றதுமில்ல. இந்த கோர்ஸ்ல நான் காசு குடுத்தது பாடத்துக்கு இல்ல, என் கோட ஒருத்தர் வரி வரியா படிச்சு இது ஏன் இப்படின்னு கேட்டதுக்கு. ரிவ்யூ முழுக்க இந்த ஒரு விஷயத்த சுத்தித்தான் போகும், ஏன்னா கோர்ஸ் நல்லா இருந்த வாரமெல்லாம் அது கிடைச்ச வாரம், சொதப்பின வாரமெல்லாம் அது கிடைக்காத வாரம்.

முதல் வாரம் வெறும் டெக்ஸ்ட் எடிட்டர் மட்டும்தான். டேக்னா பக்கத்துல எது தலைப்பு, எது பத்தின்னு பிரவுசருக்கு சொல்ற குறி, அத தானா முடிச்சு குடுக்கற வசதி எல்லாத்தையும் ஆஃப் பண்ண சொன்னாங்க. காப்பி பேஸ்ட் கூடாது, எல்லாத்தையும் கையால அடிக்கணும். எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா மூணாவது வாரம் வரும்போது விரல் தானா ஓடுது, எங்க ஒரு டேக் மூடாம விட்டிருக்கேன்னு பக்கத்தோட உருவத்த பாத்தே தெரியுது. கூடவே கொஞ்சம் வரலாறும் வச்சிருந்தாங்க. டிம் பெர்னர்ஸ் லீ 1989ல செர்ன்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல இந்த வெப்புக்கான யோசனைய எழுதிக் குடுத்தது, 1991ல முதல் சைட் வெளியில வந்தது, சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996 டிசம்பர்ல தான் வந்ததுன்னு. வரலாறு எதுக்குன்னு நினைக்கலாம், ஆனா இந்த அஞ்சு வருஷ இடைவெளிதான் எனக்கு ஒரு பெரிய விஷயத்த புரிய வச்சுது. வெப் முதல்ல வந்தது எழுத்துக்கு, அழகு அப்புறமா வந்து சேர்ந்தது. அதனாலதான் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்னு சொல்றது எச்டிஎம்எல் வேல, அது எந்த கலர்ல எவ்வளவு பெருசா தெரியணும்ங்கறது சிஎஸ்எஸ் வேல. இத தனித்தனியா மனசுல பிரிச்சு வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடுது.

ரெண்டாவது வார அசைன்மெண்ட்ல தான் பாடம் நடத்தற மேடத்தோட முதல் கமெண்ட் வந்துச்சு. நான் எழுத்து பெருசா தெரியணும்னு கதைக்குள்ள ஒரு வரிக்கு எச்2 டேக் போட்டிருந்தேன். அவங்க எழுதினது இது: "இந்த வரி தலைப்பா? இல்லன்னா ஏன் தலைப்புன்னு சொல்றீங்க? கண்ணு தெரியாத ஒருத்தர் ஸ்கிரீன் ரீடர்ல தலைப்பு தலைப்பா தாவிப் படிப்பாங்க, அவங்களுக்கு இந்த இடத்துல புது அத்தியாயம் ஆரம்பிக்குதுன்னு தோணும்." நாலு வரி தான். ஸ்கிரீன் ரீடர்னா பக்கத்த சத்தமா படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர். எச்1லேருந்து எச்6 வரைக்கும் ஆறு தலைப்பு டேக் இருக்குன்னு எந்த வீடியோவுலயும் சொல்லுவாங்க, நானும் கேட்டிருக்கேன், ஆனா அது சைஸ் இல்ல, வரிசைன்னு எனக்கு புரிஞ்சது இந்த கமெண்ட்ல தான். அன்னிக்கு ராத்திரியே எல்லா பக்கத்தையும் தொறந்து தலைப்ப எல்லாம் திருத்தினேன்.

மூணாவது வாரம் லிங்க், படம், ஃபோல்டர் பாதை. பாடமா பாத்தா ரொம்ப சின்னது, ஆனா அதிகமா அடி வாங்கினது இங்கதான். ஒரு ஃபோல்டர்லேருந்து மேல போக ரெண்டு புள்ளி ஒரு ஸ்லாஷ், இதுக்கு ஒரு வாரமான்னு நினைச்சேன். அசைன்மெண்ட முடிச்சு என் லேப்டாப்ல பாத்தா எல்லா படமும் அழகா வருது, காலேஜ் சர்வர்ல ஏத்தினா அட்டைப்படம் மட்டும் வரல, உடைஞ்ச பட ஐகான் நிக்குது. கோட பாத்தேன், சரியா இருக்கு. திரும்ப ஏத்தினேன், அதே. பிரவுசர் கேஷ கிளியர் பண்ணேன், அதே. ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசியில தெரிஞ்சது என்னன்னா, கேமராலேருந்து வந்த ஃபைல் பேருல கடைசியில வர்ற ஜேபிஜி பெரிய எழுத்துல இருந்துச்சு, என் கோட்ல சின்ன எழுத்துல அடிச்சிருக்கேன். என் விண்டோஸ் லேப்டாப் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும், லினக்ஸ் சர்வருக்கு அது ரெண்டும் வேற வேற ஃபைல். அன்னிலேருந்து எல்லா ஃபைல் பேரும் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது, வார்த்தைக்கு நடுவுல ஒரு ஹைஃபன், அவ்வளவுதான். இத பாடத்துலயே ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லல. அடுத்த பேட்ச்ல சேர்றவங்க இத படிச்சா அந்த ரெண்டு மணி நேரம் மிச்சம்.

சிஎஸ்எஸ் நாலாவது வாரத்துலேருந்து. ஒவ்வொரு எலிமெண்டும் ஒரு பெட்டின்னு ஆரம்பிச்சாங்க, நடுவுல விஷயம், அத சுத்தி பேடிங், அத சுத்தி பார்டர், அதுக்கு வெளிய மார்ஜின். என்னை டெம்ப்ளேட்ல ரெண்டு ராத்திரி அலைய விட்டுச்சே அந்த இடைவெளி, அது ஒரு தலைப்போட மார்ஜின். நாம எதுவும் எழுதலன்னாலும் தலைப்புக்கும் பத்திக்கும் பிரவுசரே ஒரு மார்ஜின் போட்டு வைக்கும், அது தெரியாமத்தான் செட்டிங் செட்டிங்கா தேடியிருக்கேன். பிரவுசர்ல எஃப்12 அமுக்கி அந்த தலைப்ப கிளிக் பண்ணா ஆரஞ்சு கலர்ல மார்ஜின் பளிச்சுன்னு தெரியுது, பக்கத்துல பெட்டி படம் போட்டு எந்த பக்கம் எத்தன பிக்சல்னு நம்பர் காட்டுது. இந்த இன்ஸ்பெக்ட் வசதிய மேடம் ஒரு முழு லெக்சர் எடுத்து சொல்லிக் குடுத்தாங்க, 12 வாரத்துல ஒரே ஒரு லெக்சர வச்சுக்கன்னு சொன்னா நான் இதத்தான் வச்சுப்பேன். நமக்கு பிடிச்ச எந்த சைட்டுக்கும் போய் தொறந்து பாக்கலாம், அங்கயே நம்பர மாத்தி என்ன ஆகுதுன்னு பாக்கலாம், ரீஃப்ரெஷ் பண்ணா பழையபடி ஆயிடும், யாருக்கும் எந்த சேதமும் இல்ல.

அந்த வார அசைன்மெண்ட்லயே எல்லாரும் விழற குழி ஒண்ணு வச்சிருந்தாங்க. ஒரு பெட்டிக்கு அகலம் 100 சதவீதம் குடுத்து, பேடிங் பக்கத்துக்கு 20 பிக்சல் குடுக்கணும். குடுத்தா பக்கம் பக்கவாட்டுல ஸ்க்ரோல் ஆகுது. ஏன்னா அகலம்னு நாம சொல்றது உள்ள இருக்கிற விஷயத்துக்கு மட்டும், பேடிங் அதுக்கு மேல கூடுது, ஆக மொத்தம் ஸ்கிரீன விட 40 பிக்சல் அதிகம். பாக்ஸ் சைஸிங்ல பார்டர் பாக்ஸ்னு ஒரு வரி எழுதினா சரியாயிடும். ஆனா அந்த வரிய முதல்லயே குடுக்காம, உடைச்சு பாக்க விட்டு, ஏன் உடையுதுன்னு எங்களையே கணக்கு போட சொல்லி, அப்புறம் குடுத்தாங்க. நல்ல வாத்தியார்னா இப்படித்தான்.

இங்க தமிழ்ல சைட் செய்யறவங்களுக்காக கொஞ்சம் தனியா எழுதணும், ஏன்னா கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்ல, உதாரணமெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல, தமிழ் எழுத்துக்கு வர்ற பிரச்சன எதுவும் பாடத்துல இல்ல, நானா முட்டி மோதி தெரிஞ்சுக்கிட்டது.

முதல் விஷயம் எழுத்து குழப்பம். கதைய ஏத்தி பிரவுசர்ல பாத்தா தமிழே இல்ல, ஏதோ ஐரோப்பிய மொழி எழுத்தும் குறியும் கலந்து வரிசையா நிக்குது, ஒரு தமிழ் எழுத்துக்கு மூணு குறின்னு. ஏன்னா யூடிஎஃப்-8ங்கற, எழுத்த ஃபைல்ல சேமிக்கற முறையில ஒரு தமிழ் குறியீட்டுக்கு மூணு பைட் வேணும், பக்கம் யூடிஎஃப்-8ல இருக்குன்னு நாம சொல்லலன்னா பிரவுசர் யூகிக்கும், தப்பா யூகிச்சா ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா காட்டும். ஃபைலோட தொடக்கத்துல வர்ற ஹெட் பகுதியில, எந்த எழுத்து முறைன்னு சொல்ற மெட்டா சார்செட் வரி போடணும், அதுவும் ஆரம்பத்துலயே, ஃபைலோட முதல் 1024 பைட்டுக்குள்ள வந்துடணும். நான் டைட்டிலுக்கும் நீளமான ஒரு குறிப்புக்கும் கீழ கடைசியில போட்டிருந்தேன். அந்த வரிய மேல கொண்டு போனதும் 31 கதையும் தமிழா மாறிடுச்சு, அந்த நிமிஷம் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன்.

ரெண்டாவது ஃபாண்ட். பாடத்துல சொன்ன ஃபாண்ட் ரொம்ப அழகா இருந்துச்சு, போட்டேன், லேப்டாப்ல ஒரு மாதிரி, மொபைல்ல வேற மாதிரி தெரியுது. விஷயம் என்னன்னா அந்த ஃபாண்ட்ல தமிழ் எழுத்தே இல்ல. இல்லாத எழுத்துக்கு அந்தந்த கருவியில இருக்கிற தமிழ் ஃபாண்ட பிரவுசர் எடுத்துக்கும், சத்தமே போடாது, எர்ரர் எதுவும் வராது. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி தமிழ் எழுத்து இருக்கிற ஃபாண்டா பாத்து போட்டாத்தான் எல்லா இடத்துலயும் ஒரே முகம். அதே மாதிரி வரிக்கு நடுவுல இடைவெளி. பாடத்துல லைன் ஹைட் 1.5ன்னு சொன்னாங்க, நம்ம எழுத்துல மேல ஒரு கொம்பு கீழ ஒரு சுழின்னு இருக்கறதால அந்த ஃபாண்டுக்கு அது நெருக்கமா பட்டுச்சு, 1.8 வச்சேன், கண்ணுக்கு மூச்சு விட இடம் கிடைச்சுது.

மூணாவது நம்ம வார்த்தைகளோட நீளம். அப்பாவோட ஒரு கதை தலைப்புல "காத்துக்கொண்டிருந்தவர்களுக்காக"ன்னு ஒரு வார்த்தை. மொபைல்ல பெரிய எழுத்துல வந்தா ஸ்கிரீன தாண்டி வெளிய நீட்டுது, ஏன்னா பிரவுசர் இடைவெளி இருக்கிற இடத்துல தான் வரிய உடைக்கும், இந்த வார்த்தையில உடைக்க இடமே இல்ல. ஓவர்ஃப்ளோ ராப்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுக்கு பிரேக் வேர்ட் குடுத்தா வேற வழி இல்லாதப்ப மட்டும் வார்த்தைக்கு நடுவுல உடைக்கும். அத போட்டேன், சின்ன ஸ்கிரீனுக்கு தலைப்பு சைஸையும் குறைச்சேன். மேடத்துக்கு தமிழ் தெரியாது, ஆனா நான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினதும் இங்கிலீஷ் வார்த்தைய மட்டும் வச்சு சோதிக்கறது எவ்வளவு தப்புன்னு எனக்கும் இப்ப தெரியுதுன்னு எழுதினாங்க, அடுத்த பேட்ச் பாடத்துல இந்த உதாரணத்த சேக்கவான்னு அனுமதி கேட்டாங்க. அந்த மரியாதைய நான் மறக்க மாட்டேன்.

ஆறாவது, ஏழாவது வாரம் லேஅவுட். கோர்ஸோட பலவீனமான பகுதி இது, மனசு விட்டு சொல்றேன். ஃப்ளோட்டுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருக்காங்க. ஃப்ளோட் படத்த சுத்தி எழுத்து ஓடறதுக்கு வந்தது, அத வச்சு பக்கத்தையே பக்கத்துக்கு பக்கமா கட்டம் கட்டமா பிரிச்சது ஒரு காலத்துல வேற வழி இல்லாததால. இப்ப பக்கத்த பிரிக்கறதுக்குன்னே ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இருக்கு, கிரிட் 2017லயே பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் வந்துடுச்சு. பழச தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதான், பழைய சைட்ட திருத்த வேண்டி வரும், அதுக்கு ஒரு அரை லெக்சர் போதும். இவங்க ஃப்ளோட்டுக்கு ஒரு வாரம், ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கும் கிரிட்டுக்கும் சேர்த்து ஒரு வாரம்னு வச்சா கிரிட்டு முழுசா தலையில ஏறல, அத தனியா எம்டிஎன்ல உக்காந்து படிச்சேன். இன்னும் ஒண்ணு, நோட்ஸ் பிடிஎஃப்ல உங்க பக்கத்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல சோதிச்சு பாருங்கன்னு இருக்கு. மைக்ரோசாஃப்ட் அதுக்கு 2022 ஜூன்லயே சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. புதுசா படிக்க வர்ற ஒருத்தருக்கு எது பழசு எது புதுசுன்னு தெரியாது, அவங்க அத நம்பி அந்த பிரவுசர தேடிக்கிட்டு அலைவாங்க. ஃபீஸ் வாங்கற இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவ நோட்ஸ திருப்பி பாக்கறது குறைந்தபட்ச கடமை.

அதே ரெண்டு வாரத்துல தான் கமெண்டும் வரல. மேடம் லீவுல போயிட்டாங்க போல, பதிலா ஆட்டோமேட்டிக் செக்கர் மட்டும் ஓடுச்சு. அது கோட்ல ஃப்ளெக்ஸ்ங்கற வார்த்தை இருக்கா, ஸ்கிரீன் அகலத்துக்கு ஏத்த மாதிரி சிஎஸ்எஸ மாத்தற மீடியா க்வெரி இருக்கான்னு பாத்து மார்க் போடுது. நான் அனுப்பின பக்கம் மொபைல்ல பாத்தா மெனு தலைப்பு மேல ஏறி உக்காந்திருக்கு, எனக்கே தெரியுது அது தப்புன்னு, முழு மார்க் வந்துடுச்சு. அந்த முழு மார்க் எனக்கு சந்தோஷத்த குடுக்கல, கோவத்த குடுத்துச்சு. மெயில் போட்டேன், ஒன்பது நாள் கழிச்சு பதில் வந்துச்சு. அதுக்குள்ள அடுத்த அசைன்மெண்ட் டெட்லைனும் முடிஞ்சு போச்சு, அதே தப்ப அதுலயும் கொண்டு போயிருக்கேன். மாணவர்கள் ஒருத்தர் வேலைய ஒருத்தர் பாத்து கருத்து சொல்ற அசைன்மெண்டும் ஒண்ணு இருந்துச்சு, அதுல எனக்கு வந்த மூணு கருத்துமே "சூப்பர், நல்லா இருக்கு" மட்டும்தான். நான் மத்தவங்களுக்கு அரை மணி நேரம் உக்காந்து எழுதிக் குடுத்தேன், அது எனக்கு பழக்கமா உதவுச்சு, ஆனா ஏற்பாடா பாத்தா அது வேல செய்யல.

எட்டாவது வாரம் மொபைல். ஸ்கிரீன் அகலத்துக்கே வரைன்னு சொல்ற வியூபோர்ட் மெட்டா வரி போடலன்னா மொபைல் பிரவுசர் நம்ம பக்கத்த கம்ப்யூட்டர் பக்கம்னு நினைச்சு சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு வரைஞ்சு அப்புறம் சுருக்கி காட்டும், எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும். அந்த ஒரு வரி போட்டு முதல்ல மொபைலுக்கு எழுது, அப்புறம் ஸ்கிரீன் பெருசாக பெருசாக சேத்துக்கிட்டே போன்னு சொல்லிக் குடுத்தாங்க. இந்த வரிசை எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு, ஏன்னா மொபைல்ல இடமே இல்ல, எது முக்கியம்னு அங்கயே முடிவு பண்ணியாகணும். என் முதல் டிராஃப்ட்ல பக்கத்துல ஒரு பட்டை, மேல ஒரு பெரிய படம், கீழ நாலு ஐகான்னு இருந்துச்சு, மொபைல்ல வச்சு பாத்ததும் ஒவ்வொண்ணா எடுத்தேன், கடைசியில கதையும் அடுத்த கதைக்கு ஒரு லிங்கும்தான் மிஞ்சுச்சு. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒன்பதாவது வாரம் படங்கள், இத வேகமா தாண்டிடலாம். மொபைல்ல எடுத்த 4000 பிக்சல் அகல படத்த அப்படியே போட்டு 600 பிக்சல்ல காட்டாதீங்க, சுருக்கி ஏத்துங்க, கோடு போட்ட லோகோவுக்கு எஸ்விஜி, ஃபோட்டோவுக்கு ஜேபெக் இல்ல வெப்பி. அவ்வளவுதான் சாரம்.

பத்தாவது வாரம் அக்ஸஸிபிலிட்டி, அதாவது பார்வை குறைஞ்சவங்க, மவுஸ் பிடிக்க முடியாதவங்க எல்லாரும் பயன்படுத்தற மாதிரி செய்யறது. இது பத்தாவது வாரத்துல வரவே கூடாது, முதல் வாரத்துலேருந்து கூடவே வரணும், ஆனா வந்த வரைக்கும் பிரமாதம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1ன்னு சர்வதேச வழிகாட்டி இருக்கு. வெள்ளையில மெல்லிசான சாம்பல் எழுத்துதான் ஸ்டைலுன்னு நினைச்சு நான் கதையோட தேதிய எல்லாம் #999ங்கற கலர் கோட் போட்ட சாம்பல்ல வச்சிருந்தேன், செக்கர்ல போட்டு பாத்தா 2.85 தான் வருது. மேடம் கமெண்ட் மறுபடி வர ஆரம்பிச்ச வாரம் இது. படத்துக்கு பதிலா ஸ்கிரீன் ரீடர் படிக்கற ஆல்ட் எழுத்துல நான் "படம் 1", "படம் 2"ன்னு போட்டிருந்தேன். "இந்த படத்த ஃபோன்ல ஒரு நண்பருக்கு சொல்லணும்னா எப்படி சொல்லுவீங்க? அத எழுதுங்க"ன்னு கேட்டாங்க. யோசிச்சு எழுதினேன்: "ஜன்னல் ஓரத்துல மேசை, தொறந்த நோட்டு மேல மூக்குக் கண்ணாடி." எழுதி முடிச்சப்புறம் தான் தெரிஞ்சுது, அந்த படத்த நானே அன்னிக்குத்தான் சரியா பாத்திருக்கேன்.

இன்னொரு கமெண்ட் எழுத்து சைஸ பத்தி. எல்லாத்தையும் பிக்சல்ல குடுத்திருந்தேன். பிரவுசர்ல சாதாரண எழுத்து சைஸ் 16 பிக்சல், கண்ணுக்கு கஷ்டமா இருக்கறவங்க அத செட்டிங்ல கூட்டி வச்சிருப்பாங்க, நாம பிக்சல்ல கட்டிப் போட்டா அவங்க கூட்டினது நம்ம பக்கத்துல எடுபடாது, ரெம்ங்கற அளவுல குடுத்தா அவங்க செட்டிங்க ஒட்டி நம்ம எழுத்தும் வளரும்னு எழுதியிருந்தாங்க. படிச்சதும் எனக்கு அப்பா முகம் தான் வந்துச்சு, அவர் லேப்டாப் பிரவுசர்ல எழுத்த 24ல வச்சிருக்கார், நானே தான் வச்சுக் குடுத்தேன். அவர் கதைய அவராலயே படிக்க முடியாத மாதிரி ஒரு சைட்ட அவருக்காக செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு மணி நேரம், அத்தன பிக்சலையும் ரெம்மா மாத்தினேன்.

கடைசி ரெண்டு வாரம் சொந்த ப்ராஜெக்ட். டொமைன் எப்படி வாங்கறது, ஹோஸ்டிங்னா என்ன, ஃபைல எப்படி ஏத்தறது, முதல் பக்கத்துக்கு ஏன் இண்டெக்ஸ்னு பேரு வைக்கணும்னு எல்லாம் இதுல தான் வருது, கொஞ்சம் அவசரமா ஓட்டிட்டாங்க. வெப் தரத்த வகுக்கற டபிள்யூ3சியோட, கோட்ல தப்பு தேடற வேலிடேட்டர்ல எல்லா பக்கமும் தப்பில்லாம வரணும்னு கண்டிஷன். என் முதல் ஓட்டத்துல 46 தப்பு வந்துச்சு, பயந்துட்டேன், பாத்தா ஒரே ஒரு டிவ் டேக்க மூடாம விட்டதால வந்தது தான் பாதிக்கு மேல. மேலேருந்து முதல் தப்ப மட்டும் திருத்திட்டு திரும்ப ஓட்டுங்கன்னு மேடம் சொன்னது சத்தியமான வார்த்தை, மூணு திருத்தத்துல 46 ஒன்பதா இறங்குச்சு.

சேரலாமான்னு கேட்டா, உங்க கிட்ட என்ன இருக்குங்கறத பொறுத்து இருக்கு. தனியா உக்காந்து படிச்சு, தானே தப்ப கண்டுபிடிச்சு, விடாம முடிக்கற பழக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த கோர்ஸ் வேண்டாம், ஃப்ரீயா இருக்கிறதே தாராளம், இன்னும் புதுசாவும் இருக்கும். வேலை வாங்கிக் குடுக்கும்னு நினைச்சு சேராதீங்க, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வாரம் கூட முழுசா இல்ல, கோட்ல செய்யற மாத்தத்த பதிவு பண்ணி வைக்கற கிட் பத்தி பேச்சே இல்ல, இது வாசல் வரைக்கும் தான் கூட்டிட்டு போகும். எங்க தப்பா செய்யறோம்னு தெரியாமலே பாதியில நின்னு போறவங்களுக்கு, நான் அந்த ரகம், இது கண்டிப்பா உதவும். ஆனா நேரத்த சரியா கணக்கு போடுங்க, வாரத்துக்கு 6 மணி நேரம்னு போட்டிருந்தாங்க, எனக்கு 10 மணி நேரத்துக்கு குறையாம ஆச்சு, சிஎஸ்எஸ் வாரத்துல 14. லெக்சர் வீடியோவ மொபைல்ல பாக்கலாம்னு நினைக்காதீங்க, கோட் எழுத்து அவ்வளவு பொடிசா இருக்கு, லேப்டாப் ஸ்கிரீனே பத்தாம நான் நிறுத்தி நிறுத்தி பெருசாக்கி பாத்தேன்.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டு மூணு கேள்வி கேளுங்க, எந்த காலேஜா இருந்தாலும் சரி. அசைன்மெண்ட ஆள் படிச்சு கமெண்ட் குடுப்பாங்களா இல்ல மிஷின் மட்டும் மார்க் போடுமா, கமெண்ட் எத்தன நாளுக்குள்ள வரும். வாத்தியார் லீவுல போனா யார் பாப்பாங்க. லேஅவுட் பாடத்துல கிரிட்டுக்கு எத்தன வாரம், ஃப்ளோட்டுக்கு எத்தன வாரம். மூணாவது கேள்விக்கு வர்ற பதில்ல நோட்ஸ் எந்த வருஷத்துதுன்னு தானா தெரிஞ்சிடும். முடிஞ்சா ஒரு பழைய மாணவருக்கு வந்த கமெண்ட், பேர மறைச்சுட்டு, ஒண்ணு காட்ட சொல்லுங்க. நாலு வரி இருந்தா போதும், அந்த நாலு வரி எந்த மாதிரி இருக்குன்னு பாத்துட்டு கட்டுங்க.